மிஸ் எர்லீன் வாதாடிய வழக்கு

மிஸ் எர்லீன் பெட்டிஃபோர்ட் ஒரு நிமிஷத்துக்கு ஒன்பது கெளுத்தி மீனைக் கிழித்து, இரண்டு பக்கச் சதையையும் எலும்பில்லாமல் எடுத்து வைப்பார். பக்கத்தில் நின்ற நான் ஐந்துதான் எடுப்பேன். மிசிசிப்பி டெல்டாவில் எங்கள் ஊர் மீன் ஆலையில் அவர் இருபத்து மூன்று வருஷம் நின்றார். அதில் பதினாறு வருஷம் அவருக்கு இடது பக்கம் நின்றது நான். என் பெயர் மோஸெல். எல்லோருக்கும் மோஸி. கல்யாணம் ஆனவரானாலும் மூத்த பெண்களை எங்கள் ஊரில் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம்.

ஆலைக்குள் தரை காய்ந்ததே கிடையாது. குளிர், ரப்பர் பூட்ஸையும் தாண்டிக் காலுக்குள் ஏறும். ஒருமுறை புதிதாக வந்த மேற்பார்வையாளர் கையில் கடிகாரத்தோடு மிஸ் எர்லீனுக்குப் பின்னால் நின்று எண்ணிப் பார்த்தார்.

“எண்ணுறதுன்னா முன்னாடி வந்து நின்னு எண்ணுங்க சார். முதுகுக்குப் பின்னாடி ஆள் நின்னா எனக்கு ஆகாது” என்றார் மிஸ் எர்லீன், கத்தியை நிறுத்தாமலே. அவர் முன்னால் வந்து நின்று எண்ணினார். அதற்குப் பிறகு எங்கள் வரிசைப் பக்கம் அதிகம் வரவில்லை.

அந்தக் கைகள்தான் போயின. முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு கத்தி நழுவி விழ ஆரம்பித்தது. நசுங்கிய நரம்புக்காக இரண்டு மணிக்கட்டிலும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அது முடிந்து திரும்பி வந்தபோது, சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்க்காமல் விரலால் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. பார்த்தாலும் போட முடியவில்லை. ஐம்பத்து நாலு வயதில் ஆலை அவரை வீட்டுக்கு அனுப்பியது.

வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு அரசாங்கம் ஓர் உதவித்தொகை தருகிறது. அது தருமம் இல்லை. எங்கள் சம்பளத்தில் வாராவாரம் பிடித்த பணத்திலிருந்து வருவது. மிஸ் எர்லீன் மனுப் போட்டார். மறுத்தார்கள். மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடி மறுத்தார்கள். பிறகு அந்தத் தொகையைத் தரும் துறையின் விசாரணை அதிகாரி ஒருவர், வேறெங்கோ உட்கார்ந்துகொண்டு, திரையில் தெரிந்தபடி அவரை விசாரித்தார். பாதி நேரம் சத்தம் கேட்கவில்லை. நாலு மாசம் கழித்துப் பதினான்கு பக்கத்தில் மறுப்பு வந்தது. அதற்கு மேல் இருந்த குழுவுக்கு எழுதினார். அங்கிருந்து ஒரே ஒரு தாள் வந்தது: தலையிட ஒன்றும் இல்லை.

அதுவரை அவருக்காக நின்ற வக்கீல் தொலைபேசியில் பேசினார். காதில் பிடித்துக்கொள்ள மிஸ் எர்லீனுக்குச் சிரமம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டு, சமையலறை மேசையில் வைத்திருந்தேன்.

“இதுக்கு மேல கூட்டாட்சி நீதிமன்றம்தான் மிசஸ் பெட்டிஃபோர்ட். அறுபது நாள் இருக்கு. ஆனா நான் அங்க போறதில்லை. இந்தக் கேஸ்ல பலம் பத்தாது. பேசாம புதுசா ஒரு மனுப் போடுங்க.”

“புதுசாப் போட்டா இந்தப் பதினாலு பக்கம் என்ன ஆகும்?”

“அது அப்படியே இருக்கும்.”

“அதான் வேண்டாங்கிறேன்” என்றார் மிஸ் எர்லீன். “இத்தனை நாள் செஞ்சதுக்கு நன்றி சார்.”

தொலைபேசியை அணைத்ததும் அந்தப் பதினான்கு பக்கத்தையும் என்னை வாசிக்கச் சொன்னார். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது விஷயம். மனுதாரர் தம் வேதனையைப் பற்றிச் சொல்வது மருத்துவக் குறிப்புகளோடு முழுவதுமாக ஒத்துப்போகவில்லை. ‘நன்றாக இருக்கிறேன்’ என்று அவரே மருத்துவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தது.

“இன்னொரு தடவை படி.”

படித்தேன்.

“பொய்க்காரின்னு மரியாதையா எழுதியிருக்காங்க” என்றார்.

எங்கள் ஊரில் எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம், நீங்க எப்படி? சவ அடக்கத்தில்கூட அதைத்தான் சொல்வோம். மிஸ் எர்லீன் எங்களையெல்லாம் விட ஒரு படி மேல். கட்டுப் போட்ட கையோடு டாக்டர் ஹாலிஃபீல்டின் மருத்துவமனைக்குள் நுழைந்து, அந்த டாக்டரின் முதுகுவலி எப்படியிருக்கிறது என்று விசாரித்தவர் அவர்.

“வேற என்ன சொல்லியிருக்கணும் நானு?” என்று கேட்டார் என்னிடம். “கதவைத் திறந்ததும் ஒப்பாரி வச்சிருக்கணுமா?”

அவர் கணவர் ஆல்டன் மரக்கட்டை லாரி ஓட்டுகிறவர். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார். “நிஜமாவே கவர்மெண்ட் மேல கேஸ் போடப் போறியா? உனக்கு என்ன சட்டம் தெரியும்?”

“மீனைப் பத்தியும் ஒண்ணும் தெரியாமத்தான் ஆலைக்குப் போனேன். பெட்டியை மூடு, குளிர் போகுது.”

ஐம்பத்தோராம் நாள் என் காரில் நகரத்து நீதிமன்றத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலகப் பெண்மணி ஒரு படிவமும், வக்கீல் இல்லாமல் வருகிறவர்களுக்கான ஒரு சிறு கையேடும் கொடுத்தார். மிஸ் எர்லீன் சொல்லச் சொல்ல நான் படிவத்தை நிரப்பினேன். கடைசியில் கையெழுத்து. நான் பேனாவை எடுத்தேன்.

“இல்லைங்க, அதை அவங்கதான் போடணும்” என்றார் அந்தப் பெண்மணி. “வக்கீல் இல்லாதவங்க அவங்களுக்காக மட்டும்தான் நிக்க முடியும். அவங்களுக்காக வேற யாரும் போட முடியாது. முடியலைன்னா ஒரு பெருக்கல் குறி போட்டுட்டா போதும், நான் சாட்சி போடறேன்.”

“எனக்குப் பேர் இருக்கு” என்றார் மிஸ் எர்லீன்.

பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் செருகி, தோளை அசைத்து எழுதினார். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. எர்லீன் டபிள்யூ. பெட்டிஃபோர்ட். நடுவிலிருந்த எழுத்தைக்கூட அவர் விடவில்லை. கோடு தாண்டி எழுத்துகள் மேலும் கீழும் போயிருந்தன. ஆனால் வாசிக்க முடிந்தது.

மூன்று மாசம் கழித்து அரசாங்கத் தரப்பிலிருந்து ஒரு கட்டு வந்தது. அவர் வழக்கில் அதுவரை சேர்ந்த எல்லாத் தாள்களும், வரிசை எண் போட்டு, அறுநூற்றுப் பதினெட்டுப் பக்கம். இந்தக் கட்டுக்குள் இருப்பதை மட்டுமே நீதிபதி பார்ப்பார், புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்று கையேட்டில் போட்டிருந்தது. எனக்குச் சோர்வாகிவிட்டது.

“என்ன மூஞ்சி அப்படிப் போகுது?” என்றார் மிஸ் எர்லீன். “பதில் இதுக்குள்ளதான் இருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்க. தேடற இடம் சின்னதாப் போச்சுல்ல?”

பகல் வேலை முடிந்து, கையில் மீன் வாடை போகக் கழுவிக்கொண்டு, தினமும் அவர் வீட்டுக்குப் போவேன். ஆல்டன் கொலார்டு கீரையும் சோள ரொட்டியும் செய்து வைத்திருப்பார். அவருக்குச் சமைக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட்டு மேசையைத் துடைத்துவிட்டு நான் பக்கம் புரட்டுவேன்.

ஆறாவது நாள் டாக்டர் ஹாலிஃபீல்டின் குறிப்புகள் வந்தன. பக்கம் முந்நூற்று இருபத்து நாலு. முதல் வரி: நன்றாக இருப்பதாக நோயாளி சொல்கிறார்.

“அதோ பாருங்க, எழுதி வச்சிருக்காரு மனுஷன்” என்றேன்.

“அதுக்குக் கீழ என்ன?”

கீழே பார்த்தேன். இறுக்கிப் பிடிக்கும் பலத்தைக் கருவியில் அளந்திருந்தார். வலது கை பதினோரு பவுண்டு. இடது கை எட்டு. இந்த வயதுப் பெண்ணுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்று அடுத்தே எழுதியிருந்தார். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடவில்லை. பரிசோதனையின்போது பேனாவை இரண்டு முறை தவறவிட்டார்.

மிஸ் எர்லீன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அடுத்த தடவை போனது எந்தப் பக்கம்?”

பதினொரு முறை போயிருந்தார். பதினொரு முறையும் முதல் வரியில் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தார். பதினொரு முறையும் டாக்டர் கீழே அளந்து எழுதியிருந்தார். எங்களிடம் இருந்த அந்தப் பதினான்கு பக்கத் தீர்ப்பைத் தலையிலிருந்து கால்வரை தேடினேன். அளவு ஒன்றுகூட அதில் இல்லை. முதல் வரிகள் மட்டும் இருந்தன.

அடுத்த வாரம், அவசரத்தில் தாண்டிப்போன முன்பக்கங்களுக்குத் திரும்பியபோது இன்னொன்று கிடைத்தது. திரையில் நடந்த விசாரணையில் பேசியதையெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்திருந்தார்கள். இவரால் என்னென்ன வேலை செய்ய முடியும் என்று சொல்ல ஒரு நிபுணரை அழைத்திருந்தார்கள். கொட்டைகளைத் தரம் பிரிக்கலாம், உறைகளில் கையால் விலாசம் எழுதலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

“விலாசம் எழுதச் சம்பளம் தர்றாங்களா? எந்த ஊர்ல?” என்றேன். “எனக்கும் கேளுங்க மிஸ் எர்லீன், மொத ஆளா நான் போறேன்.”

“சிரிக்காம படிடி.”

அறுபத்தோராம் பக்கம். விசாரணை அதிகாரி நிபுணரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தார். அதே ஆள், ஆனால் கையால் பிடிப்பதும் விரலால் எடுப்பதும் எப்போதாவதுதான் முடியும் என்றால்? நிபுணரின் பதில் ஒரே வரி. அப்படியானால் அவர் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். வாசலில் ஆல்டன் லாரிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

“நான் அந்த ரூம்லயேதான் உக்காந்திருந்தேன்” என்றார் மிஸ் எர்லீன். “அப்ப சத்தம் போயிடுச்சு. அவங்க வாய் அசையறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன் மோஸி.”

எழுத்து வாதத்தை ஊர் நூலகத்தில் அடித்தோம். நான் இரண்டு விரலால் தட்டுகிறவள். அவர் என் பின்னால் நின்று சொல்லுவார். முதல் முறை சொல்லி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த அதிகாரியின் வளர்ப்பு, அவர் அம்மா, திரையில் தெரிந்த அவர் வழுக்கை எல்லாம் வந்திருந்தன.

“முதல் மூணு பக்கமும் வெறும் கோபம். எடுத்துடு.”

“எனக்கு அதுதான் பிடிச்சிருந்துது.”

“எனக்கும்தான். எடுத்துடு.”

மிச்சம் ஆறு பக்கம் இருந்தது. பதினொரு பக்க எண், பதினொரு அளவு, அறுபத்தோராம் பக்கத்தின் கேள்வி, பதில். கடைசி வரி அவருடையது: நான் சொன்னதை நம்பச் சொல்லவில்லை, டாக்டர் அளந்ததைப் படிக்கச் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட வழக்குகளைப் பெரும்பாலும் தாளிலேயே முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த நீதிபதி இரண்டு தரப்பையும் நேரில் வரச் சொன்னார். மிஸ் எர்லீன் சர்ச்சுக்குப் போடும் ஊதா நிற உடையும், அதே நிறத்தில் அகன்ற தொப்பியும் போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஆல்டன் போட்டுவிட்டார். வாசல் காவலர் கைப்பையைப் பெட்டியில் வைக்கச் சொன்னார்.

“தொப்பி?” என்றார் மிஸ் எர்லீன்.

“தொப்பி இருக்கட்டும்மா. நல்லா இருக்கு” என்றார் காவலர்.

பெரிய அறை. உயரத்தில் நரைத்த தலையோடு நீதிபதி. ஒரு பக்கம் அரசு வக்கீல், சின்ன வயதுக்காரர், நேர்த்தியான கோட்டு. இன்னொரு மேசையில் மிஸ் எர்லீன் தனியாக. நானும் ஆல்டனும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

நீதிபதி தாளிலிருந்து நிமிர்ந்தார். “காலை வணக்கம் மிசஸ் பெட்டிஃபோர்ட். எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் ஐயா, கடவுள் புண்ணியம். நீங்க எப்படி இருக்கீங்க?”

வாயை விட்டு வந்துவிட்டது. ஆல்டன் என் முழங்கையைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மிஸ் எர்லீன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, இப்ப நடந்ததைப் பார்த்தீங்கல்ல?” என்றார். குரல் ஆலையில் கேட்ட அதே குரல். “நீங்க மரியாதைக்குக் கேட்டீங்க, நான் மரியாதைக்குச் சொன்னேன். என்னை அப்படித்தான் வளர்த்திருக்காங்க. உங்களையும் அப்படித்தான் வளர்த்திருப்பாங்க. டாக்டரும் பதினோரு தடவை அப்படித்தான் கேட்டாரு. ஆனா அவரு அதோட விடலை. என் கையைப் பிடிச்சுப் பார்த்தாரு, அளந்தாரு, எழுதி வச்சாரு. எனக்கு மறுப்பு எழுதினவரு மொத வரியைப் படிச்சிட்டு மூடிட்டாரு. முந்நூத்தி இருபத்தி நாலாம் பக்கத்துலேருந்து பாருங்க ஐயா. நான் காத்திருக்கேன்.”

நீதிபதி உண்மையிலேயே புரட்டினார். அறையில் தாள் சத்தம் மட்டும். மிஸ் எர்லீன் உட்காரவில்லை.

அரசு வக்கீல் தன் முறை வந்ததும் நாகரிகமாகவே பேசினார். மனுதாரர் சர்ச்சுக்குப் போகிறார், சமையல் செய்வதாகச் சொல்லியிருக்கிறார், தீர்ப்புக்குப் போதிய ஆதாரம் இருக்கிறது என்றார்.

“இந்த அளவுகள் தீர்ப்புல எங்க இருக்கு?” என்று நீதிபதி கேட்டார்.

வக்கீல் தாள்களைப் பார்த்தார். “நேரடியா இல்லைங்க ஐயா.”

“அறுபத்தோராம் பக்கத்துல நிபுணர் சொன்ன பதிலுக்கு?”

“அதுக்கும் தீர்ப்புல விளக்கம் இல்லைங்க ஐயா.” அந்தப் பையன் மழுப்பாமல் சொன்னதற்காக, வெளியே வந்ததும் மிஸ் எர்லீன் அவரிடம் போய் நன்றி சொன்னார். கை கொடுக்க வந்தவர் சட்டென்று நிறுத்தித் தலையை மட்டும் தாழ்த்தினார்.

உங்களுக்கு உதவித்தொகை உண்டா இல்லையா என்று நான் சொல்ல முடியாது, கீழே விசாரித்த அதிகாரி தன் வேலையைச் சரியாகச் செய்தாரா என்று மட்டும்தான் நான் பார்க்க முடியும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. செய்யவில்லை என்று அதில் எழுதியிருந்தது. மறுப்பு ரத்து, புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்பப்படுகிறது. மனுதாரர் ‘வக்கீல் துணையின்றித் தெளிவாகச் சுட்டிக்காட்டியபடி’ என்று ஓர் இடத்தில் இருந்தது. அந்த வரியை ஆல்டன் மூன்று முறை என்னிடம் வாசிக்கச் சொன்னார்.

பிறகு தலையைச் சொறிந்தார். “அப்ப இவ்வளவு பாடுபட்டு நீ ஜெயிச்சது, மறுபடி போய் அவங்களையே கேக்கறதுக்கா?”

“ஆமா” என்றார் மிஸ் எர்லீன். “ஆனா இந்தத் தடவை காது கேக்கறவங்களைக் கேக்கப் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், கடவுள் செய்த நன்மைக்கு யாராவது சாட்சி சொல்ல விரும்புகிறீர்களா என்று போதகர் கேட்டபோது அவர் எழுந்தார். வருஷக்கணக்கில் அவர் எழுந்ததில்லை. அந்தப் பெருமைக்காரி தன் கஷ்டத்தை நாலு பேர் முன்னால் சொல்லமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். கஷ்டத்தைச் சொல்லவில்லை. உத்தரவை நான் விரித்துப் பிடிக்க, ஏழாம் பக்கத்தை முழுசாக வாசித்தார். சட்ட வார்த்தைகள் பாதி யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. “அப்படிப் போடு!” “விடாதே சிஸ்டர்!” ‘ரத்து செய்யப்படுகிறது’ என்ற இடத்தில் இசைக்காரர் தன்னை அறியாமல் ஆர்கனை ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

புதிய விசாரணை அடுத்த வசந்தத்தில் நடந்தது. திரை இல்லை, ஒரே அறை. விசாரித்தவர் வேறொரு பெண் அதிகாரி. நீதிமன்ற உத்தரவைப் படித்துவிட்டு வந்திருந்தார். நிபுணரிடம் பழைய கேள்வியையே மறுபடி கேட்டார், பழைய பதிலே வந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. “மிசஸ் பெட்டிஃபோர்ட், ஆலையை விட்ட நாளிலேருந்து உங்களால வேலை செய்ய முடியலைங்கிறதை நான் ஏத்துக்கறேன்” என்றார். “எழுத்துல வரும். நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

மிஸ் எர்லீன் நன்றி சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தார். காரில் ஏறின பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் அழுதார். எங்கள் ஊர் எல்லையில் மீன் குளங்கள் தொடங்கியதும் கைக்குட்டையைக் கேட்டார்.

“ஆலை வழியாப் போ மோஸி.”

ஷிப்ட் மாறும் நேரம். வெள்ளை பூட்ஸோடு பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். காரை நிறுத்துவதற்குள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். கதவை நான் திறந்துவிட்டேன். அவர் இறங்கி, உடையை மணிக்கட்டால் நீவிவிட்டுக்கொண்டு நின்றார்.

“என்ன ஆச்சு மிஸ் எர்லீன்?” என்று கத்தினாள் தோல் உரிக்கும் பிரிவில் இருக்கும் வெர்டெல்.

“குடுத்துட்டாங்க.”

ஒரே கூச்சல். ஒருத்தி தலைமுடி வலையைக் கழற்றி மேலே வீசினாள். வெர்டெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். முப்பத்தைந்துகூட ஆகாதவள். தன் வலது மணிக்கட்டை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க வக்கீல் யாரு? பேர் சொல்லுங்க. எனக்கு வேணும்.”

மிஸ் எர்லீன் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தொப்பியை நேராக்கிக்கொண்டார்.

“வக்கீல் நான்தாண்டி” என்றார். “டைப் அடிக்கிற ஆளும் கையோட இருக்கா. கையைக் காட்டு, பார்ப்போம்.”

ஆலைச் சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை. மேற்பார்வையாளர் கதவருகே வந்து நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போனார்.